குளோனிடின்: பிரஷர் மாத்திரை ஏடிஎச்டி பிள்ளைக்கு ஏன்? அளவு, தவறிய வேளை, நிறுத்தும் முறை

பாலக்கோடு_மருந்தாளர்

எல்லாருக்கும் வணக்கம். குளோனிடின் 100 மைக்ரோகிராம் மாத்திரைக்கு ரெண்டு விதமா சீட்டு வருது. ஒண்ணு, கிட்னி கோளாறோட பிரஷர் அடங்காத பெரியவங்களுக்கு, நாளைக்கு மூணு வேளை. இன்னொண்ணு, ஏடிஎச்டி (கவனம் நிக்காம துறுதுறுன்னு இருக்கிற கோளாறு) இருக்கிற ஏழெட்டு வயசுப் பிள்ளைங்களுக்கு, ராத்திரி அரை மாத்திரை. பெத்தவங்க போன்ல பேரைப் போட்டுப் பார்த்துட்டு, "எம் புள்ளைக்கு பிரஷர் இல்லீங்களே, மாத்திக் குடுத்துட்டீங்களா"ன்னு திரும்பி வர்றாங்க. சிலர் நமக்குச் சொல்லாமலே நிறுத்திடறாங்க.

கவுன்டர்ல நின்னு ரெண்டு நிமிஷத்துல சொல்ற மாதிரி ஒரு விளக்கம் வேணும். கூடவே மூணு கேள்வி. அரை மாத்திரையை ஒழுங்கா வெட்டறது எப்படி? வேளை தவறினா என்ன சொல்லணும்? நிறுத்தும்போது பெரியவங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் ஒரே முறைதானா?

---

தருமபுரி_மருந்தியல்

கவுன்டரில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "நார்அட்ரினலின் என்பது நரம்புகள் சுரக்கும் ரசாயனம். ரத்தக்குழாயை இறுக்கும் அந்தச் சுரப்பை இந்த மருந்து அடக்கும். மூளையின் முன்பகுதியில் கவனத்துக்கான செல்களின் தொடர்பையும் பலப்படுத்தும். சிறு அளவில் கொடுப்பது கவனத்துக்காக. ஆனால் பிரஷரும் கொஞ்சம் இறங்கும், அதனால்தான் டாக்டர் பிபி பார்க்கச் சொல்கிறார். நீங்களாக நிறுத்தாதீர்கள்."

இனி உள்விவரம். குளோனிடின் ஆல்ஃபா-2 ஏற்பியை (செல்லில் நார்அட்ரினலின் வந்து ஒட்டும் இடங்களில் ஒரு வகை) தூண்டும் மருந்து. நரம்பு முனையில் இருக்கும் ஆல்ஃபா-2 ஏற்பி தூண்டப்பட்டால் கால்சியம் உள்ளே வருவது குறைந்து, பொட்டாசியம் வெளியேறுவது கூடும். நரம்பு அடங்கி, நார்அட்ரினலின் வெளிவருவது குறையும். மூளைத்தண்டில் முகுளப் பகுதியில் இது நடக்கும்போது இதயத்துக்கும் ரத்தக்குழாய்க்கும் போகும் சிம்பதெடிக் (உடம்பை முடுக்கும் நரம்புகளின்) கட்டளை தணிகிறது. நாடி குறைகிறது, குழாய் தளர்கிறது, பிரஷரை ஏற்றும் ரெனின் என்ற கிட்னிச் சுரப்பும் இறங்குகிறது. பிரஷர் இறங்கும் வழி அது.

கவனத்துக்கான வழி வேறு. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பிரீஃப்ரன்டல் கார்டெக்ஸில் ஆல்ஃபா-2ஏ ஏற்பி, நார்அட்ரினலினை வாங்கிக்கொள்ளும் செல்லிலேயே, டெண்ட்ரைட் எனும் செல்லின் கிளையில் உள்ள சின்ன முட்களில் உட்கார்ந்திருக்கிறது. அது தூண்டப்பட்டால் செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற ரசாயனம் குறைந்து, எச்சிஎன் என்னும் அயனி வாய்கள் மூடிக்கொள்கின்றன. அவை திறந்திருக்கும்போது அந்த முள்ளுக்கு வரும் செய்தி கசிந்து வீணாகும், மூடினால் செய்தி நிற்கும். "சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு செய்து முடிப்பது" என்ற வேலைக்குத் தேவையான செல்களின் தொடர்பு இதனால் பலப்படுகிறது. யேல் பல்கலைக்கழகத்தில் ஏமி ஆர்ன்ஸ்டன் குழு பல ஆண்டுகள் ஆராய்ந்து விளக்கிய வழி இது.

வரலாறும் பெற்றோருக்கு உதவும். ஜெர்மனியின் போஹ்ரிங்கர் இங்கல்ஹைம் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் இதை மூக்கடைப்புக்குத்தான் உருவாக்கியது. மூக்கில் விட்டுப் பார்த்தபோது தூக்கம் தள்ளியது, நாடியும் பிரஷரும் இறங்கின. 1966ல் பிரஷர் மருந்தாக வந்தது. மெதுவாகக் கரையும் வடிவத்தை 6 முதல் 17 வயது ஏடிஎச்டிக்கு அமெரிக்கா 2010ல் அனுமதித்தது. ஒரு மருந்துக்குப் பல வேலை இருப்பது புதிதல்ல என்று இதை வைத்தே சொல்லலாம்.

---

அரூர்_பொதுமருத்துவம்

சார், விளக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் நடைமுறையில் பிள்ளை அமைதியாக இருப்பது தூக்கக் கலக்கத்தால்தானே? மந்தமாக உட்கார்ந்திருப்பதைக் கவனம் கூடிவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்களோ என்று சந்தேகம் இருக்கிறது.

---

ஓசூர்_குழந்தைநலம்

சந்தேகம் நியாயமானது டாக்டர். காலக்கணக்கைப் பார்த்தால் விடை கிடைக்கும். தூக்கக் கலக்கம் முதல் வாரத்திலும், அளவு கூட்டிய ஒவ்வொரு முறையும் அதிகம், பிறகு பெரும்பாலோருக்குத் தணிகிறது. கவனத்தில் மாற்றம் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகிறது. கலக்கம் குறைந்த பிறகும் பலன் நிற்கிறது என்றால் பலன் கலக்கத்தால் வந்ததல்ல. கலக்கம் இருக்கும்வரைதான் பலன் என்றால் நீங்கள் சொன்னதுதான் நடக்கிறது, அப்போது அளவைக் குறைக்க வேண்டும் அல்லது மருந்தை மாற்ற வேண்டும். ஆசிரியரிடம் "பிள்ளை அமைதியா இருக்கானா" என்று கேட்கக் கூடாது. "கரும்பலகையில் எழுதிப்போட்டதை முழுக்க எழுதி முடிக்கிறானா, பகல் 11 மணிக்குக் கண் சொருகுகிறதா" என்று கேளுங்கள்.

ஏடிஎச்டிக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஸ்டிமுலன்ட் (மூளையைத் தூண்டும்) மருந்தான மெத்தில்ஃபெனிடேட் அளவுக்குக் குளோனிடின் வலுவானதல்ல, அதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இதை எடுக்கும் இடங்கள்: கண் சிமிட்டல், தோள் குலுக்கல் போன்ற டிக்ஸ் கூடவே இருப்பது, தூக்கம் பிடிக்காதது, கவனக்குறைவைவிட அவசரமும் ஓட்டமும் தூக்கலாக இருப்பது, ஸ்டிமுலன்டால் பசியோ எடையோ விழுந்தது. ஸ்டிமுலன்டோடு சேர்த்தும் கொடுக்கலாம். நம் பக்கம் இன்னொரு காரணமும் உண்டு. மெத்தில்ஃபெனிடேட் போதைப்பொருள் சட்டக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து என்பதால் எல்லாக் கடையிலும் வைப்பதில்லை. சேலம் அல்லது பெங்களூரு போய்த்தான் வாங்க வேண்டும் என்றால் மாதாமாதம் இடைவெளி விழுகிறது.

ஆனால் கடையில் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக இதை இலகுவான மருந்தாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இடைவெளி விழுந்தால் ஸ்டிமுலன்டைவிட இதில்தான் ஆபத்து அதிகம்.

அளவு: இங்கே பெரும்பாலும் கிடைப்பது உடனே கரையும் 100 மைக்ரோகிராம், அதாவது 0.1 மி.கி. மாத்திரை. 45 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கு இரவு 50 மைக்ரோகிராமில் தொடங்கி, 3 முதல் 7 நாளுக்கு ஒருமுறை 50 கூட்டுவோம். முதலில் இரவு, அடுத்து காலை, பிறகு மதியம் என்று வேளை சேரும். மொத்த உச்சம் 27 முதல் 40 கிலோ வரை நாளைக்கு 200, 40 முதல் 45 கிலோ வரை 300, அதற்கு மேல் 400 மைக்ரோகிராம். மாத்திரை உள்ளே போன அரை மணி முதல் ஒரு மணிக்குள் வேலை தொடங்கும், 2 முதல் 4 மணியில் உச்சம். அதனால்தான் காலை வேளை கொடுத்தால் முதல் இரண்டு பீரியடில் கொட்டாவி வருகிறது.

தொடங்கும் முன் உட்கார வைத்தும் நிற்க வைத்தும் பிபி, நாடி. மயங்கி விழுந்த வரலாறு, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம், இதயக் கோளாறு, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஈசிஜி எடுக்காமல் தொடங்குவதில்லை.

---

ஊத்தங்கரை_செவிலியர்

பிபி பார்க்கிறதுல ஒரு விஷயம் சேர்க்கிறேன். பெரியவங்க கஃப்பை (பிபி பார்க்கக் கையில சுத்தற பட்டை) பிள்ளை கையில சுத்தினா அளவு குறைவா காட்டும், இருக்கிற பிபி இறங்கிடுச்சுன்னு நினைச்சு மாத்திரையை நிறுத்திடுவாங்க. கைக்குச் சின்ன கஃப்பா இருந்தா அதிகமா காட்டும், மருந்து வேலை செய்யலைன்னு கூட்டிடுவாங்க. கஃப்புக்கு உள்ளே இருக்கிற பை மேல்கையோட சுற்றளவுல 80 சதவீதமாவது சுத்தி வரணும். ஒரே கஃப், ஒரே கை, மாத்திரை போட்டு எத்தனை மணி நேரம் ஆச்சுன்னு பக்கத்துல எழுதி வைங்க. நேரம் எழுதாத பிபிக்கு இந்த மருந்துல அர்த்தமே இல்லை.

படுத்திருந்து எழுந்து நிக்கும்போது மேல் அளவு 20க்கு மேல இறங்கினாலோ, விழிச்சிருக்கிற பிள்ளைக்கு நாடி 60க்குக் கீழ போனாலோ, அடுத்த வேளை கொடுக்கிறதுக்கு முன்னாடி டாக்டரைக் கேட்கணும். சித்திரை வெயில்ல, திருவிழாக் கூட்டத்துல பிள்ளை வேர்த்துக் கொட்டித் தண்ணி குடிக்காம இருந்தா இந்த இறக்கம் இன்னும் கூடும்.

---

பாலக்கோடு_மருந்தாளர்

நன்றி மேடம், நன்றி சிஸ்டர். வெட்டறது பத்தி யாராவது சொல்லுங்க. வீட்டுல காய் வெட்டற கத்தியில வெட்டி, பெரிய துண்டு ஒரு நாள், சின்ன துண்டு ஒரு நாள்னு கொடுக்கறாங்க.

---

பர்கூர்_மருந்தகம்

மாத்திரை வெட்டும் டப்பா விலை ஒன்றும் பெரிதில்லை, சீட்டோடு அதையும் வாங்கச் சொல்லிவிடுங்கள் அண்ணா. கோட்டை மேலே பார்க்க வைத்து, மூடியை ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். மெதுவாக அறுத்தால் ஓரம் உதிரும். வெட்டிய இரண்டு பாதியையும் அடுத்தடுத்த இரண்டு இரவில் தீர்த்துவிடச் சொல்லுங்கள், அப்போது ஏற்றத்தாழ்வு இரண்டு நாளில் சமமாகிவிடும். அட்டை முழுவதையும் ஒரே நாளில் வெட்டி டப்பாவில் போட்டு வைப்பதைத் தடுக்க வேண்டும், காற்றுப் பட்டு உதிர்ந்து கடைசியில் தூள்தான் மிஞ்சும். கால் மாத்திரை எழுதி வந்தால் டாக்டரிடம் பேசிவிடுவது நல்லது. இவ்வளவு சின்ன மாத்திரையில் கால் பங்கு சரியாக வராது.

மெதுவாகக் கரையும் வடிவம் கையில் வந்தால் வெட்டவோ பொடிக்கவோ கூடாது. உடனே கரையும் மாத்திரைக்குப் பதிலாக அதே அளவில் அதை மாற்றிக் கொடுப்பதும் தவறு. அதன் உச்சம் 7 மணி நேரம் கழித்துத்தான் வரும், உடம்பில் சேரும் அளவும் வேறு.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. குளோனிடின், வலிப்பு மருந்தான குளோனசெபம் இரண்டும் கையெழுத்தில் ஒன்றுபோலத் தெரியும். குளோனசெபம் 0.5 மி.கி., குளோனிடின் 0.1 மி.கி. அளவை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும், சந்தேகம் இருந்தால் போன் போட்டே ஆக வேண்டும். அடுத்தது, 100 மைக்ரோகிராமை 100 மி.கி. என்று எழுதுவது, பதிவு செய்வது. திரவமாகக் கரைத்துத் தரச் சொல்லும் இடங்களில் இந்தக் குழப்பம் ஆயிரம் மடங்கு அளவில் போய் முடியும்.

---

பாலக்கோடு_மருந்தாளர்

> இடைவெளி விழுந்தால் ஸ்டிமுலன்டைவிட இதில்தான் ஆபத்து அதிகம்.

இதைக் கொஞ்சம் விரிவாச் சொல்லுங்க. காலையில மறந்தா ராத்திரி ரெண்டாப் போடலாமான்னுதான் எல்லாரும் கேட்கறாங்க.

---

தருமபுரி_மருந்தியல்

கூடாது. தவறிய வேளையை விட்டுவிட்டு அடுத்த வேளையை வழக்கமான அளவில் கொடுக்க வேண்டும். இரட்டிப்பாகக் கொடுத்தால் நாடியும் பிரஷரும் ஒரேயடியாக இறங்கும். தொடர்ந்து இரண்டு வேளையோ அதற்கு மேலோ தவறினால் தாங்களாகத் தொடராமல் டாக்டரைக் கேட்க வேண்டும்.

காரணம்: குளோனிடின் உள்ளே இருக்கும்வரை நார்அட்ரினலின் வெளிவராமல் தடுக்கப்பட்டிருக்கிறது. நாளடைவில் ஆல்ஃபா-2 ஏற்பியின் கூர்மையும் மழுங்குகிறது. மருந்து திடீரென்று நின்றால் தடையும் இல்லை, தடுக்கும் ஏற்பியும் மந்தம். அடக்கி வைத்த நார்அட்ரினலின் ஒன்றாகப் பாய்கிறது. கடைசி வேளைக்குப் பின் 18 முதல் 36 மணி நேரத்தில் தலைவலி, படபடப்பு, வியர்வை, கை நடுக்கம், எரிச்சல், பிரஷர் ஏற்றம். நாளைக்கு 1 மி.கி.க்கு மேல் எடுக்கும் பெரியவர்களுக்கு இது கடுமையாக வரும், குறைந்த அளவிலும் வராமல் இல்லை.

நம் மாவட்டங்களில் இதைத் தனியாக அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீட்டுக்கே பிரஷர் மாத்திரை வருவது பெரிய நன்மை. ஆனால் பலரும் பழகியிருப்பது அம்லோடிபினுக்கு. அதன் அரை ஆயுள் (ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறையும் நேரம்) 30 முதல் 50 மணி நேரம், ஒரு நாள் மறந்தாலும் உடம்பு காட்டிக்கொடுக்காது. குளோனிடினுக்கு 12 முதல் 16 மணிதான், குழந்தைகளுக்கு இன்னும் குறைவாகவே இருக்கும். "பிரஷர் மாத்திரைதானே, நாளைக்குப் போட்டுக்கலாம்" என்ற பழக்கம் அம்லோடிபினிலிருந்து இதற்குத் தாவக் கூடாது.

---

ஊத்தங்கரை_செவிலியர்

வாந்தி பேதியை மறந்துடாதீங்க. ரெண்டு நாள் எதுவும் வயித்துல தங்காத பிள்ளைக்கு மாத்திரையும் தங்கலைன்னு அர்த்தம். அந்தப் பிள்ளையைக் கூட்டிட்டு வரும்போது "குளோனிடின் எடுக்கிறான், இத்தனை வேளை தங்கலை"ன்னு முதல்லயே சொல்லணும். பேதியால பிரஷர் இறங்கியிருக்கும்னு எதிர்பார்த்துட்டு இருக்கும்போது, மருந்து நின்னதால ஏறியும் இருக்கலாம். அளந்து பார்க்காம முடிவு பண்ணக் கூடாது. ஊருக்குப் போகும்போதும் அட்டையைப் பாட்டி வீட்டுல ஒண்ணு, இங்க ஒண்ணுன்னு பிரிக்காம, மாத்திரை பிள்ளையோடவே போகணும். ஒரு வாரத்துக்கான மாத்திரை கையில இருக்கும்போதே அடுத்த அட்டை வாங்கிடணும்.

---

அரூர்_பொதுமருத்துவம்

பெரியவர்கள் பக்கம் நான் சொல்கிறேன். பிரஷருக்கு இது முதல் வரிசை மருந்தல்ல. மூன்று மருந்து போட்டும் அடங்காதவர்களுக்கும் கிட்னி நோயாளிகளுக்கும்தான் வருகிறது. 100 மைக்ரோகிராம் இரண்டு வேளையில் தொடங்கி, வழக்கமாக நாளைக்கு 200 முதல் 600 வரை. சிறுநீரில் 40 முதல் 60 சதவீதம் மாறாமல் வெளியேறுவதால், கிட்னி மோசமாக இருந்தால் அரை ஆயுள் 41 மணி நேரம் வரை நீளும். அளவு குறைவாகத் தொடங்க வேண்டும். டயாலிசிஸில் மிகக் கொஞ்சமே வெளியேறும், அதனால் டயாலிசிஸ் முடிந்து கூடுதல் மாத்திரை தேவையில்லை.

கூட்டுச் சேரக் கூடாதவை:

அமிட்ரிப்டிலின். சுகர்காரர்களின் கால் எரிச்சலுக்கு 10 மி.கி. இரவில் எழுதிவிடுகிறோம். இது குளோனிடினின் பிரஷர் இறக்கும் வேலையைக் கெடுக்கும். "நன்றாக இருந்த பிரஷர் ஏன் ஏறியது" என்று தேடும்போது இதை முதலில் பாருங்கள். மன அழுத்தத்துக்கான மிர்டாசபினும் அப்படியே.

டிசானிடின், தசை இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்து. இதுதான் அதிகம் கண்ணில் படாமல் போவது. உடம்புவலிக்குக் கடைகளில் போகும் கூட்டு மாத்திரைகளில் அசெக்ளோபினாக், பாராசிட்டமாலுடன் டிசானிடின் 2 மி.கி. இருக்கும். அதுவும் ஆல்ஃபா-2 மருந்துதான். கிரானைட் குவாரியில் வேலை செய்துவிட்டு இடுப்புவலிக்கு அதை வாங்கிப் போடுபவர் ஏற்கெனவே குளோனிடினில் இருந்தால், ஒரே வகை மருந்து இரண்டு. எழுந்து நின்றதும் கிறுகிறுத்து விழுவார். அந்த மாத்திரையில் உள்ள வலி மருந்து கிட்னிக்கும் ஆகாது.

டில்டியாசெம், வெராபமில், டிகாக்சின், பீட்டா பிளாக்கர் (எல்லாமே இதயத்துடிப்பைக் குறைக்கும் மருந்துகள்): நாடி மிகவும் இறங்கும்.

---

பென்னாகரம்_கால்நடை

டிசானிடின் பேச்சு வந்ததால் கால்நடைப் பக்கத்திலிருந்து ஒன்று. மாட்டு உண்ணிக்குத் தெளிக்கும் அமிட்ராஸ் 12.5 சதவீத மருந்தும் ஆல்ஃபா-2 ஏற்பியைத்தான் தூண்டும். லிட்டருக்கு 2 மி.லி. கலந்து தெளிப்பது. மீதியைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றித் தொழுவத்தில் வைப்பது இங்கே சகஜம். குழந்தை குடித்துவிட்டால் தூக்கம், நாடி இறக்கம், பிரஷர் இறக்கம், கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்குவது, மூச்சு மந்தம், சர்க்கரை ஏற்றம் என்று குளோனிடின் அதிகமான குழந்தையைப் போலவே தெரியும். அதில் சைலீன் கரைப்பான் இருப்பதால் வாந்தி எடுக்க வைத்தால் நுரையீரலுக்குள் போகும்.

---

ஓசூர்_குழந்தைநலம்

மிக முக்கியமான பதிவு சார். அவசரப் பிரிவில் சுருங்கிய கண்பாவையோடு மயங்கிய குழந்தை வந்தால் இந்தப் பகுதியில் முதலில் நினைப்பது பூச்சி மருந்தை. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சி மருந்து என்றால் வாயில் எச்சில் வழியும், வியர்க்கும், மார்பில் சளிச் சத்தம் இரையும், சதை துடிக்கும். ஆல்ஃபா-2 மருந்து என்றால் வாய் காய்ந்திருக்கும், மார்பு சுத்தமாக இருக்கும், உடம்பு குளிர்ந்திருக்கும். வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். நாடியை ஏற்றும் அட்ரோபின் ஊசி இரண்டிலும் தேவைப்படலாம், ஆனால் ஆல்ஃபா-2 மருந்தில் நாடிக்காக மட்டும், கொஞ்ச அளவே. ஆர்கனோபாஸ்பேட்டுக்கு ஏற்றுவதுபோல் ஏற்றக் கூடாது.

வீட்டில் சின்னத் தம்பி தங்கை இருந்தால் தனியாகச் சொல்லி அனுப்புங்கள். இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரே ஒரு 100 மைக்ரோகிராம் மாத்திரையே போதும், கோளாறு வர. அரை மணி முதல் இரண்டு மணிக்குள் தூங்கி விழும், தட்டி எழுப்பினால் மூச்சு விடும், விட்டால் மறுபடி மூச்சு குறையும். முதலில் சிறிது நேரம் பிரஷர் ஏறியும் இருக்கலாம், அதைப் பார்த்து இறக்கும் மருந்து கொடுத்துவிடக் கூடாது. வாந்தி எடுக்க வைக்காமல், 108ஐக் கூப்பிட்டு, அட்டையையும் கையோடு எடுத்து வர வேண்டும். அபின் வகை மருந்துகளுக்கு மாற்று மருந்தான நலோக்சோன் சில குழந்தைகளுக்குப் பலன் தரும், எல்லோருக்கும் இல்லை. மூச்சைக் காப்பதும் திரவமும்தான் அடிப்படை சிகிச்சை.

---

ஊத்தங்கரை_செவிலியர்

வாய் காயறதைப் பத்தி ஒரு வார்த்தை. இந்த மருந்துல பிள்ளைங்க அடிக்கடி தண்ணி கேட்கும். நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் ஆழ்துளைக் கிணத்துல ஃப்ளூரைடு அதிகம், அதுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்துச்சு. கூடுதலாக் குடிக்கிற தண்ணி போர் தண்ணியா இல்லாம, ஒகேனக்கல் குழாய்த் தண்ணியா இருக்கட்டும். வாய் காய்ஞ்சா பல் சொத்தையும் சீக்கிரம் வரும், ராத்திரி மாத்திரைக்குப் பிறகு மிட்டாய், பிஸ்கட் வேண்டாம்.

---

பர்கூர்_மருந்தகம்

வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் ஏடிஎச்டிக்குக் குவான்ஃபசின் என்ற மருந்தின் சீட்டு கொண்டு வருகிறார்கள். அதற்குப் பதில் குளோனிடின் கொடுக்கலாமா?

---

தருமபுரி_மருந்தியல்

டாக்டர் மாற்றி எழுதாமல் கொடுக்கக் கூடாது. ஒரே குடும்பம், ஆனால் குவான்ஃபசின் ஆல்ஃபா-2ஏ ஏற்பியை மட்டும் குறிவைத்துப் பிடிப்பதால் தூக்கமும் பிரஷர் இறக்கமும் குறைவு. அரை ஆயுள் 17 மணி நேர அளவு, மெதுவாகக் கரையும் வடிவம் நாளைக்கு ஒரு வேளை போதும். அளவு 1 முதல் 4 மி.கி. வரை, வாரத்துக்கு 1 மி.கி.க்கு மேல் கூட்டக் கூடாது. குளோனிடின் அளவைவிடப் பத்து மடங்கு என்பதால் எண்ணை அப்படியே தூக்கிப் போட்டால் விபரீதம்.

கல்லீரலில் சிஒய்பி3ஏ4 நொதி வழியாகப் போகும் மருந்து அது. படர்தாமரைக்கு இட்ராகொனசோல் கொடுத்தால் ரத்தத்தில் குவான்ஃபசின் ஏறும், அளவைப் பாதியாக்க வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு கார்பமசெபைன் எடுத்தால் இறங்கிவிடும். நெய், எண்ணெய் மிகுந்த சாப்பாட்டோடு விழுங்கினாலும் அளவு ஏறும்.

---

பாலக்கோடு_மருந்தாளர்

கடைசியா, நிறுத்தற முறை?

---

ஓசூர்_குழந்தைநலம்

பிள்ளைகளுக்கு: 3 முதல் 7 நாளுக்கு ஒருமுறை, ஒரு தடவைக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் குறைக்கக் கூடாது. பெரும்பாலும் 50, 50 ஆகவே குறைப்பேன். காலை 50, மதியம் 50, இரவு 100 எடுக்கும் பிள்ளைக்கு முதல் வாரம் மதியத்தை எடுப்பது, இரண்டாம் வாரம் காலையை எடுப்பது, மூன்றாம் வாரம் இரவை 50 ஆக்குவது, நான்காம் வாரம் நிறுத்துவது. ஒவ்வொரு படியிலும் பிபி பார்க்க வேண்டும். பரீட்சை வாரத்தில் தொடங்க வேண்டாம்.

---

அரூர்_பொதுமருத்துவம்

பெரியவர்களுக்கு நூல்கள் சொல்வது குறைந்தது 2 முதல் 4 நாள். நீண்ட நாள் எடுத்தவர்களுக்கு அதைவிட நிதானமாகப் போவது நல்லது. அட்டெனலால், மெட்டோப்ரொலால் போன்ற பீட்டா பிளாக்கரும் கூட இருந்தால், முதலில் பீட்டா பிளாக்கரைப் படிப்படியாக நிறுத்தி, சில நாள் விட்டு, பிறகுதான் குளோனிடினைக் குறைக்க வேண்டும். வரிசை மாறினால், பாயும் நார்அட்ரினலினுக்கு ரத்தக்குழாயைத் தளர்த்தும் பீட்டா வழி அடைபட்டு, இறுக்கும் ஆல்ஃபா வழி மட்டும் திறந்திருக்கும். ஒற்றைத் தலைவலிக்கு ப்ரொப்ரனலால் எடுப்பவர்களுக்கும் இதே விதி. பிரஷர் ஏறி வந்துவிட்டால் குளோனிடினையே மறுபடி கொடுத்து அடக்கிவிட்டு, அதன்பின் மெதுவாக இறக்க வேண்டும்.